நாலு வியாழக்கிழமை, ஓர் இடது கை

பந்து ஜன்னல் வழியாக வந்து பசை டப்பாவுக்குள் விழுந்தது.

பயிற்சி மைதானத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்து, தேய்ந்துபோன கோல்ஃப் மட்டைகளுக்குப் புது ரப்பர் பிடி போட்டுக்கொடுப்பதுதான் அவள் வேலை. மாதத்துக்கு ஒரு பந்து இப்படி விருந்தாளியாக வருவது வழக்கம். அரை மணி நேரத்தில் மூன்றாவது பந்து என்றால்... யாருக்குத்தான் கோபம் வராது?

பந்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பந்தடிக்க நிற்கும் தடுப்புகளில் எட்டாம் எண் தடுப்பில் ஒருவன் மட்டையும் கையுமாக நின்று, அவள் ஜன்னலையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உங்களோடதா?"

திரும்பினான். நான்கு கண்கள் சந்தித்தன, காலம் நின்றது என்று எழுதலாம். காலமெல்லாம் நிற்கவில்லை. பக்கத்துத் தடுப்பில் ஒருவர் தும்மினார். ஆனாலும் அந்தக் கண்கள்... திட்டு வாங்கத் தயாராக நிற்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கண்கள். திட்ட வந்தவளுக்குப் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

"நேரா அடிக்கவே மாட்டீங்களா?"

"நேராத்தாங்க அடிக்கறேன். அதுதான் பாதி வழியில மனசு மாறி வலது பக்கம் போயிடுது."

"மூணு தடவையுமா?"

"ஆறு வருஷமா."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "மட்டையைக் குடுங்க, பாப்போம்."

ஒருவனைப் பற்றி அவன் வாயைவிட அவன் மட்டையின் பிடி நிறையச் சொல்லும் என்பது அவள் அனுபவம். இந்தப் பிடியில் இடது கை பட்ட இடம் பள்ளம் விழுந்து தேய்ந்திருந்தது. வலது கை பட்ட இடம் கடையிலிருந்து வந்தது மாதிரியே இருந்தது. சந்தேகம் தீர, கையிலிருந்த பந்தை அவனை நோக்கிப் போட்டாள். யோசிக்காமல் இடது கையால் பிடித்தான்.

ஆக, இவன் இடதுகைக்காரன். வலதுகைக்காரன் நிற்கிற பக்கம் நின்று ஆடுகிறான். இடது கையே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது, பந்து வலது பக்கம் ஓடுகிறது. மறுபக்கம் திரும்பி நின்று இடதுகை மட்டையால் அடித்தால் தீர்ந்தது. ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

"கட்டைவிரலைக் கொஞ்சம் இறக்கிப் பிடிச்சுப் பாருங்க," என்றாள். "சரியாகலைன்னா அடுத்த வியாழக்கிழமை வாங்க."

சரியாகாது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை வந்தான். லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியராம். நாற்பது மாடிக்கு நேராக மேலே போகிற பெட்டியைச் செய்யத் தெரிந்தவனுக்கு நூறு அடி நேராகப் போகிற பந்தை அடிக்கத் தெரியவில்லையே என்று அவள் கேட்டாள். லிஃப்டுக்குக் கம்பி இருக்கிறது, பந்துக்கு இல்லை என்றான். அந்த வாரம் அவன் கால் வைக்கிற விதத்தைக் குறை சொன்னாள். மூன்றாவது வாரம் தோளைச் சொன்னாள். பந்துக் கூடை கொடுக்கிற கவுண்டர் அக்கா, "வியாழக்கிழமை மட்டும் தலை வாரிட்டு வர்றியே, என்னடி விஷயம்?" என்று கேட்டாள். ஒரு விஷயமும் இல்லை என்று இவள் சொன்னாள்... அதையும் சிவந்துபோய்ச் சொன்னாள்.

நான்காவது வியாழக்கிழமை, காப்பி மெஷின் பக்கத்தில் நின்றபடி அவன் போட்டியைப் பற்றிச் சொன்னான்.

"ஞாயித்துக்கிழமை ஜோடிப் போட்டி. அப்பாவும் நானும் சேந்து ஆடுவோம். ஆறு வருஷமும் கடைசி. இந்தத் தடவையும் கடைசின்னா அடுத்த வருஷம் அக்கா வீட்டுக்காரரைச் சேத்துக்கறேன்னு சொல்லிட்டார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். அவள் அந்தக் கப்பையே பார்த்தாள். நாலு வாரத்தை நான் தின்றுவிட்டேனே... உள்ளே போய், யாரும் கேட்காமல் மூலையில் கிடந்த இடதுகை மட்டையை எடுத்துவந்து நீட்டினாள்.

"கட்டைவிரல், கால் எல்லாத்தையும் மறந்துடுங்க. நீங்க இடதுகைக்காரர். நிக்க வேண்டிய பக்கமே வேற. உங்களுக்குச் சொல்லிக்குடுத்தவங்க கண்ணை மூடிட்டுச் சொல்லிக்குடுத்திருக்காங்க."

"சொல்லிக்குடுத்தது எங்கப்பா."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நேரம் கடந்துவிட்டது.

"முப்பது வருஷம் ஜட்ஜா இருந்தவர். எதையும் கண்ணை மூடிட்டுச் செய்ய மாட்டார்." மட்டையை வாங்கிக்கொண்டான். அவள் முகத்தைப் பார்க்காமலே மழையில் இறங்கி நடந்தான்.

அவ்வளவுதான், இனி வரமாட்டான் என்று முடிவு செய்தாள். மறுநாள் பத்து மட்டைக்குப் பிடி போட்டாள். இரண்டு கோணலாக ஒட்டிக்கொண்டன.

திங்கட்கிழமை காலை, மடிப்புக் கலையாத சட்டையும் கையில் குடையுமாக ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அந்த இடதுகை மட்டையை மேசைமேல் சாட்சிப் பொருள் மாதிரி வைத்தார். அவர் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது உன்னோடதாம்மா?"

"ஆமா சார்."

"நேத்து என் பையன் அத்தனை பேர் முன்னாடி எதிர்ப்பக்கம் திரும்பி நின்னான். பதினெட்டு குழியும் இந்த ஒத்தை மட்டையாலயே ஆடினான்."

"கடைசியா வந்தீங்களா சார்?"

"கடைசிக்கு முன்னாடி." மீசை ஒரு நூல் அசைந்தது. உடனே சரிசெய்துகொண்டார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவன் இடது கைன்னு உனக்கு எப்போ தெரியும்?"

முப்பது வருஷம் பொய் கேட்டுப் பழகிய காது. இதனிடம் எதைச் சொல்லித் தப்பிப்பது?

"முதல் நாளே தெரியும் சார்."

"அப்போ எதுக்கு நாலு வாரம் கட்டைவிரல், கால், தோள்னு அலைய விட்டே?"

"சரியாயிட்டா அப்புறம் வரமாட்டார்னு..." இவ்வளவு சொன்ன பிறகு மீதியை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? "அவர் வரணும்னு இருந்துச்சு சார். எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. நான் செஞ்சது தப்பு. போட்டி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அஞ்சு வயசுல இடது கையில பென்சில் பிடிச்சான். நான்தான் பிடுங்கி வலது கையில குடுத்தேன். ஒரு வாரம் அழுதான். நானும் மறக்கல, அவனும் மறக்கல." குடையின் கைப்பிடியைத் தடவினார். "அதாவது, தன் கை எதுன்னு அவனுக்கு எப்பவுமே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நாலு வாரம் உன்கிட்ட வந்து, என்ன தப்புன்னு கேட்டிருக்கான்."

அவளுக்கு அது உறைக்க ஒரு நிமிடம் ஆனது.

பெரியவர் எழுந்து கதவைத் திறந்தார். "மழையில நின்னு ஒட்டுக்கேட்டது போதும். உள்ள வந்து உன் தரப்பை நீயே சொல்லு." குடையை விரித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் காரை நோக்கி நடந்தார்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட அவன் உள்ளே வந்தான்.

"எல்லாம் கேட்டீங்களா?" என்றாள்.

"ஒரு வார்த்தை விடாம." துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் நின்றான். "அன்னைக்கு அப்பாவைச் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. தப்பு. கட்டைவிரலை இறக்கினா சரியாகாதுன்னு எனக்கும் தெரியும்ங்க. உங்களைப் பாக்கத்தான் வந்தேன், ஒவ்வொரு தடவையும். உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு... அதைச் சொல்லத்தான் வரல."

அவள் தலை குனிந்து, ஒட்ட வேண்டிய பிடி ஒன்றை எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்ப வைத்தாள்.

"வியாழக்கிழமை வரும்போது மட்டைப் பையை வீட்டுல வெச்சுட்டு வாங்க."

"இன்னைக்கே எடுத்துட்டு வரலையே," என்றான்.