பயிற்சியாளருக்கு ஓர் அனுதாபக் கடிதம்

நிலவுக் குடியிருப்பின் இரக்க மன்றத்தில் அன்று பிற்பகல் ஒரு மணிக்கு இருந்தவர்கள்: நடு நாற்காலியில் தலைவி நாச்சம்மை. அவருக்கு எதிரே மனுதாரர், கபடிப் பயிற்சியாளர் மாசிலாமணி. ஒரு நாற்காலி இடைவெளி விட்டு அவர் மனைவி கோமளவல்லி, மடியில் பயணப் பெட்டியோடு. நிலவில் பெட்டி கனக்காது. கதவோரம், உட்காரத் தேவையில்லாததால் நின்றபடி, அணியின் அலசல் இயந்திரம் நுணுக்கன். சன்னலோர மேசையில் எழுத்தர் இருதயராஜ். இந்த வரிசையைக் குறித்துக்கொண்டவரும் அவரே.

நிலவில் யாரும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதில்லை. மிச்சத்தை இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். அதையும் மீறி உழைத்துக் களைத்தவர்களுக்கு மன்றம் அனுதாபக் கடிதம் வழங்கும். மன்றத்தின் கடிதங்களை மட்டும் மனிதக் கைதான் எழுத வேண்டும் என்பது சட்டம். இயந்திரம் எழுதிய அனுதாபத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. மாதத்துக்கு இரண்டு கடிதம் வந்தால் அதிகம். அந்த இரண்டில்தான் இருதயராஜின் உத்தியோகம் தொங்கிக்கொண்டிருந்தது.

“தினம் பதினெட்டு மணி நேரம் உழைக்கிறேம்மா,” என்றார் மாசிலாமணி. “எதிரணிக்காரன் எங்க மூச்ச விடுவான், எந்தக் கால முதல்ல எடுப்பான், எல்லாம் பாக்கணும். ஊர்ல என்ன பேசறாங்க? ‘இத்தன சம்பளம் வாங்குறவனுக்கு என்ன கேடு’ங்கறாங்க. ஒருத்தர் வாயிலேந்து ‘ஐயோ பாவம்’னு ஒரு வார்த்தை வரல.”

“வீட்லயும் வராது,” என்றாள் கோமளவல்லி. “அஞ்சு மணி ஓடத்துல நான் பூமிக்குப் போறேம்மா, தங்கச்சி வீட்டுக்கு, ஆறு மாசம். இவருக்கும் சேத்துத்தான் டிக்கெட். ரெண்டு தடவ இவரு சீட்டுல என் கைப்பைதான் உக்காந்து வந்துச்சு. இந்த வாட்டியும் அப்படின்னா, நான் திரும்பி வரமாட்டேன்.”

நாச்சம்மை இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். “நுணுக்கா, ஒரு ஆட்டத்தை அலச எவ்வளவு நேரம் ஆகும்?”

“நான்கு நிமிடம்.”

“மிச்ச நேரம்?”

“ஐயா மறுபடியும் முதலிலிருந்து போடச் சொல்வார். நான்கு நிமிடத்தில் முடித்தால் வாங்குகிற சம்பளத்துக்கு மரியாதை இல்லை என்பார்.”

கோமளவல்லி களுக்கென்று சிரித்துவிட்டாள். மாசிலாமணி தன் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பயமா இருக்கும்மா. சீக்கிரமா எந்திரிச்சுப் போனா, அப்ப இவன் எதுக்குன்னு கேட்டுருவாங்களே.”

“அனுதாபம் கிடையாது,” என்றார் நாச்சம்மை. “ஆறு மாசம் கட்டாய ஓய்வு. வேலைல இருக்கிறவர ஓய்வு ஆணை கையில இல்லாம ஓடத்துல ஏத்தமாட்டாங்க. ரெண்டு பேரும் ஓடத்துறைல போய் இருங்க. ஆணைக் கடிதம் அஞ்சு மணிக்கு முன்னாடி அங்க வரும். என்ன, இருதயராஜ்?”

“இதோ, உடனேம்மா.”

மாசிலாமணி தங்களுக்கு இடையிலிருந்த காலி நாற்காலியைத் தள்ளிவிட்டு, மனைவியின் பெட்டியை வாங்கிக்கொண்டார். கடிதத்துக்காக நுணுக்கன் மட்டும் கதவோரம் நின்றது.

ஒன்று ஐம்பதுக்கே கடிதம் முடிந்துவிட்டது. எட்டே வரி, பிழை ஒன்றுமில்லை. உறையை எடுத்த இருதயராஜின் கை பாதியில் நின்றது. இருபது நிமிடத்தில் கொடுத்தனுப்பினால் தலைவி என்ன நினைப்பார்? இதற்கா ஓர் ஆள் என்று தோன்றாதா? துறை பத்து நிமிட தூரம்தானே. இடப்பக்கம் கோடு போட்டு நல்ல நகலொன்று எடுக்கத் தொடங்கினார். அடுத்த நகலில் எழுத்தை இன்னும் கொஞ்சம் உருட்டினார்.

எட்டிப் பார்த்த நாச்சம்மை, “பாவம், ஒரு வாய் சாப்பிடக்கூட எந்திரிக்கலையே!” என்றார். இருதயராஜ் பேனாவைக் கீழே வைக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். நெஞ்சு குளிர்ந்தது.

“கடிதம் தயாரா?” என்றது நுணுக்கன்.

“கொஞ்சம் பொறுத்துக்கப்பா. நல்ல வேலைன்னா நேரம் பிடிக்கும்.”

“ஐயாவும் இதையேதான் சொல்வார்.”

ஒன்பதாவது நகலின் கடைசி வரியில் மேசைமேல் தேநீர்க் குவளை கடகடவென்று அதிர்ந்தது. சன்னலுக்கு வெளியே ஐந்து மணி பூமி ஓடம் நெருப்பை உதறிக்கொண்டு மேலேறியது.

அது புள்ளியாகும்வரை இருதயராஜ் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதத்தின் அடியில், மிக அழகான கையெழுத்தில், ஒரு வரி சேர்த்தார்: ‘தங்கள் நிலைக்கு இம்மன்றம் தன் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.’

உறையிலிட்டு, அரக்கு வைத்து, முத்திரை குத்தி, நுணுக்கன் கையில் கொடுத்தனுப்பினார்.