மூன்றாம் பெட்டி

கடைசி நிலையத்தைத் தாண்டி, ரயில்கள் இரவு தங்கும் முட்டுச் சுரங்கத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் ஓட்டுநர் அதைக் கவனித்தார். மூன்றாம் பெட்டியில் யாரோ அழைப்புப் பொத்தானை அழுத்தியதற்கான சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இன்று கடைசி நிலையத்திலேயே எல்லாப் பெட்டிகளையும் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். இருக்கைகளுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். அந்தக் கிழவி செத்ததிலிருந்து அப்படித்தான்.

அன்றைக்கு அலுப்பு. எட்டிக்கூடப் பார்க்காமல் "ஆள் இல்லை" என்று சொல்லி வண்டியை உள்ளே விட்டார். தூங்கிப்போயிருந்த கிழவி இருட்டில் விழித்து, எப்படியோ கதவைத் திறந்து இறங்கி, மின்சாரத் தண்டவாளத்தை மிதித்துவிட்டாள். விசாரணையில், துப்புரவு வேலையிலிருந்த மைத்துனன் பெட்டிகளைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று சொன்னதை நம்பியதாகச் சாதித்தார். அவனுக்கு வேலை போனது.

"என் தம்பி இவ்வளவு அசட்டையா இருப்பான்னு நெனக்கலைங்க," என்று மனைவி சோறு போடும்போதெல்லாம் கண் கலங்குவாள். அவர் நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். "மூணாம் பெட்டி கேமராவுல யாராவது தெரியுறாங்களா?"

"காலியாத்தான் இருக்கு சார். விளக்குல ஏதோ கோளாறு. முனை மாத்திட்டு வீட்டுக்குக் கெளம்புங்க."

காலையில் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டும். அதற்குப் பின்கோடி ஓட்டுநர் அறையைத் தயார் செய்ய, வண்டிக்குள்ளேயே அந்தக் கோடிவரை நடக்க வேண்டும். நடந்தார். சூடேறிய பிரேக்கின் கருகல் வாடையும் சுரங்கத்தின் ஈர மண் வாடையும் கலந்து மூக்கில் ஏற, அணைந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் பெருமூச்சு விட்டு அடங்க, கைப்பிடி வளையங்கள் மட்டும் காற்றே இல்லாத இடத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

இரண்டாம் பெட்டியின் நடுவில் அந்தச் சத்தம் கேட்டது. உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். அவசரமில்லாமல், விட்டு விட்டு.

மூன்றாம் பெட்டிக்குள் நுழைந்தார். ஒருவரும் இல்லை.

மறுபடி தட்டல். வெளியிலிருந்து.

கதவுக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் ஒரு உள்ளங்கை. கரி படிந்தது. தண்டவாளத்தில் நிற்பவரின் கை அவ்வளவுதான் எட்டும்.

"தம்பி, குளிருதுப்பா. கதவத் தெற."

ஓடியிருக்கலாம். கண்ணாடியருகே போனார். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது தானாக வாயில் வந்தது.

"அம்மா... நான்தான் பாக்காம விட்டேன். அவன் இல்ல. நான்."

"தெரியும்ப்பா. கதவத் தெற."

கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்கவில்லை. அன்றைக்குச் செய்யாததை இன்றைக்காவது செய்துவிட வேண்டும் போலிருந்தது. அவசரக் கைப்பிடியை இழுத்தார். கதவு விலகியது. இருட்டு. கீழேயிருந்து கை நீண்டது.

மண்டியிட்டு, கையைக் கொடுத்தார்.

பிடித்தது. ஐஸ் மாதிரி.

"ஏறி வாங்கம்மா."

அவள் ஏறவில்லை. பிடியையும் விடவில்லை. அவருடைய முழங்கால் வாசல் விளிம்பை நோக்கி வழுக்கியது. ஒரு விரல் அகலம். இன்னொரு விரல் அகலம். கீழே முகம் தெரிந்தது. முகம் என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை.

அப்போது வண்டியின் மற்ற எல்லாக் கதவுகளிலும், இரண்டு பக்கமும், உள்ளங்கைகள் தட்டத் தொடங்கின.