பல்சக்கரச் சந்தனம்

திங்கட்கிழமை, காலை 8.50. பாலக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்த அந்த உயர்நிலைப் பள்ளியின் நூலகத்தைக் கவிப்பிரியா திறந்தாள். மேசையில் 3டி பிரிண்டர் இல்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம்.

பதினொரு மணிக்குத் திறப்பு விழா. மாணவர்கள் தாங்களே பொருள் செய்து பார்க்கும் கூடமாக நூலகத்தை மாற்றியவள் அவள். தற்காலிக ஆசிரியை. சாவி ஒன்றுதான். அது அவளிடம் இருந்தது.

9.20. எஸ்.ஐ. ரோசம்மாள் வந்தபோது தலைமையாசிரியர் மாதவராஜ் கவிப்பிரியாவை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தி, வெளியே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். பூட்டு அவர் மடியில் இருந்தது.

"பூட்டு உடையலைங்க. சன்னல்ல கம்பி. பதினோரு மணிக்குள்ள ஒத்துக்கிட்டா வேலையோட போகும். இல்லன்னா கேஸ்."

"தீர்ப்பு எழுதிட்டீங்க. நான் எதுக்கு வந்தேன்?"

ரோசம்மாள் பூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இயந்திரங்களுக்கு இடம் விட, காலி அலமாரிகளைச் சன்னலோடு ஒட்டித் தள்ளியிருந்தார்கள். காற்றில்லை.

"கடைசியா எப்பப் பூட்டினீங்க?"

"புதன்கிழமை நாலரைக்குங்க. ஆயுத பூசை முடிச்சிட்டு."

"சாவி போட்டா?"

"சாவி வேண்டாங்க. அமுக்கினாலே பூட்டிக்கும்."

சுவரில் ரம்பம், சுத்தியல், திருப்புளி. எல்லாவற்றிலும் சந்தனம். வட்டமாக, ஓரத்தில் பற்களோடு.

"இது என்ன அச்சு?"

"பசங்க அந்தப் பிரிண்டர்லயே செஞ்ச முத்திரைங்க. பல்சக்கரம். இங்க இருக்கிற எல்லாத்துக்கும் வெச்சாங்க. கதவுல தொங்கின பூட்டைக்கூட விடல."

"அப்புறம் துடைச்சீங்களா?"

"இல்லீங்க." அவள் குரல் இறங்கியது. "கேஸ் ஆயிட்டா இனிமே என்னை எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்க மேடம்?"

ரோசம்மாள் கையிலிருந்த பூட்டைத் திருப்பிப் பார்த்தாள். பித்தளை பளிச்சென்று இருந்தது.

வெளியே வந்து மாதவராஜிடம் கேட்டாள். "இந்த மாதிரி பூட்டு எத்தனை வாங்கினீங்க?"

"நாலுங்க. எல்லாம் ஒண்ணு போல."

9.50. படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை. நூலகத்துப் புத்தகங்கள் அங்கே மூட்டைகளாகக் கிடந்தன. அதே வகைப் பூட்டு. அதன் மேல் உலர்ந்த சந்தனம். சாவி தமிழாசிரியர் பச்சியப்பனிடம். இருபது வருடம் நூலகப் பொறுப்பில் இருந்தவர்.

"பூசைக்கு நிக்கலையாங்க சார்?"

"மூணு மணிக்கே பொம்மிடிக்குப் பஸ் ஏறிட்டேனுங்க. சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தை மூட்டை கட்டின பள்ளிக்கூடம் இது ஒண்ணுதான். அந்தக் கூத்துக்கு நான் வேறயா?"

"இந்த ரூமுக்குப் பூசை போட்டாங்களா?"

"இதை எவன் கண்டான்? புதன் காலையில நான் பூட்டினது. அப்படியே கெடக்கு."

"அப்போ பூட்டுல சந்தனம்?"

"பூசை நாள்ல எந்தப் பூட்டுல இல்ல?"

"மத்த ரூம் பூட்டுல எல்லாம் விரலால வெச்ச சந்தனம். இதுல பசங்க முத்திரையோட பல் இருக்கு, பாருங்க."

பச்சியப்பன் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

"புதன் மத்தியானம் நூலகம் திறந்திருந்தது," என்றாள் ரோசம்மாள். "கதவுல தொங்கின பூட்டைப் பையில போட்டுக்கிட்டு உங்க பூட்டை மாட்டினீங்க. நீங்க போன பிறகு பசங்க அதுக்கு முத்திரை வெச்சாங்க. டீச்சர் அமுக்கிப் பூட்டினாங்க. லீவுல வந்து உங்க சாவியால திறந்தீங்க. போகும்போது நூலகத்துப் பூட்டைத் திரும்ப அங்க மாட்டினீங்க, உங்களதை இங்க. இடம் சரியாத்தான் இருந்தது. சந்தனம் இடம் மாறிடுச்சு."

அவர் சாவியைக் கொடுத்தார். மூன்றாவது மூட்டைக்குப் பின்னால், வேட்டியில் சுற்றியபடி, பிரிண்டர்.

10.20. நூலகக் கதவைத் திறந்துவிட்டார்கள். கவிப்பிரியா வாசலில் வந்து நின்றாள்.

"சாவி என்கிட்ட இருந்தது உங்களுக்குத் தெரியுமே சார்?"

பச்சியப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சாமான் தொலைஞ்சா கூடத்தை மூடிருவாங்கன்னுதான் நெனச்சேன் டீச்சர்."

"மூடினாங்க," என்றாள் ரோசம்மாள். "அவங்களை உள்ள வெச்சு."

மாதவராஜ் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டார்.