எல்லை தாண்டிய பட்டை

ஆர்வில் புதிதாக வாங்கிய நிலத்தில், வடக்கு எல்லையை ஒட்டி ஒரு பட்டை புல் வெட்டப்பட்டிருந்தது. ரோட்டிலிருந்து கொல்லைக் கோடி வரை, நூல் பிடித்தாற்போல. அதை ஆர்வில் வெட்டவில்லை. வெட்ட அவரிடம் இயந்திரமே கிடையாது. அந்த மாதம் முழுக்க எங்கள் ஊரின் பேச்சே அதுதான்.

ஆறு ஏக்கரோடு வீடு வாங்கிய மனிதர், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று வாங்காமல், விளம்பரத் தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பிவைத்துப் பெண் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மின்னசோட்டா பக்கத்தில் ஒருவர் சர்ச்சுக்கு வரவில்லையென்றால் உடம்பு சரியில்லைபோல என்று விட்டுவிடுவோம். புல்லை வளரவிட்டால் விடமாட்டோம். அந்த வீட்டைக் கடக்கும்போது எல்லாக் கார்களும் மெதுவாகப் போயின, நான் ஓட்டியது உட்பட.

காபிக் கோப்பையோடு ஆர்வில் அந்தப் பட்டையின் ஓரத்தில் நின்றார். வெட்டிய புல் இன்னும் ஈரமாக இருந்தது, வாசனை மூக்கில் ஏறியது, ஆனால் இரவோ காலையோ எந்த எஞ்சின் சத்தமும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. எல்லைக்கு அப்பால் இங்வால் கிழவரின் நிலம். அவர் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது, வீடு பூட்டிக் கிடக்கிறது, புல் இடுப்பளவு நிற்கிறது. அந்தப் புல்லில் ஒரு தண்டுகூட மடங்கவில்லை. வெட்டியவர் எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டுமே?

எதிர்வீட்டு பெவ் ரோட்டைக் கடந்து வந்தாள்.

"பரவாயில்லையே ஆர்வில், வந்ததும் வராததுமா உங்களுக்கு மரியாதை கிடைச்சிருக்கு!"

"யாரு வெட்டினது, பெவ்? அந்தப் பக்கம்தான் ஆளே இல்லையே."

"இங்வால் இருந்தப்ப புதுசா யாரு வந்தாலும் இப்படித்தான், ஒரு பட்டை உள்ள வந்து வெட்டிக் குடுப்பாரு. இப்ப அவரு மருமகன் யாரையாவது அனுப்பியிருப்பான்."

"அனுப்பினவன் சொந்தப் புல்லை விட்டுட்டா வெட்டுவான்?"

"அது எதுக்கு நமக்கு? அவங்க வெட்டிட்டாங்க, நீங்க திருப்பி வெட்டணும். அப்புறம், நான் கேக் வெச்சுக் குடுத்த தட்டு லவோன்கிட்டயே இருக்கு. அவசரமில்லை. சும்மா சொன்னேன்."

எங்கள் வழக்கம் அப்படி. பக்கத்து வீட்டுக்காரர் எல்லை தாண்டி ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தால் நன்றி சொல்லிக்கொண்டு போய் நிற்கமாட்டோம். அடுத்த வாரம் நாமும் தாண்டிப்போய் ஒரு பட்டை வெட்டிக் கொடுப்போம். தட்டும் அப்படித்தான். வெறுமையாகத் திரும்பக் கூடாது.

ஆர்விலின் மனைவி லவோன் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து கீழ் அறையில் வடக்கு ஜன்னலோரம் படுத்திருந்தாள். இந்த வீடு அவள் ஆசைப்பட்டு வாங்கியது.

"சிவப்பு வண்டி எடு ஆர்வில். எது எப்படி ஓடுதோ எனக்குத் தெரியாது, சிவப்பா இருக்கணும். இந்த ஜன்னல் வழியா பச்சையைப் பாத்துக்கிட்டே கிடந்தா நான் எந்திரிச்சிடுவேன். இங்கேர்ந்து மட்டும் என்னை நகத்தாதே."

டவுனில் ரோலியின் கடை. ரோலி இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு பாதிரியார்போலக் கை விரித்தார்.

"இது ஸ்டியரிங் வெச்சது. சாது. ஆனா ஒரு மரத்தைச் சுத்தி வர்றதுக்குள்ள உங்க காபி ஆறிடும். இது நெம்புகோல் வெச்சது, நின்ன இடத்துலயே திரும்பும். சரிவுல மட்டும் கொஞ்சம் வழுக்கும். உங்களுது சமதரைதானே?"

"சமதரைதான். வெட்டுற அகலம் எது எடுக்கலாம்?"

"ஆறு ஏக்கருக்குச் சின்னது எடுத்தீங்கன்னா, வெட்டி முடிக்கிறப்ப ஆரம்பிச்ச இடம் வளர்ந்து நிக்கும். பெரிசா எடுங்க. வாழ்க்கையில ஒரு தடவையாவது பெரிசா எடுங்க, ஆர்வில்!"

ஆர்வில் இருப்பதிலேயே அகலமானதை எடுத்தார். சிவப்பு.

அன்று மாலையே தன் நிலம் முழுவதையும் வெட்டிவிட்டு எல்லையைத் தாண்டினார். அகலமான வண்டி, அகலமான பட்டை. இங்வாலின் புல் கனமாகச் சரிந்து விழுந்தது. வெட்டுவாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் கிளம்பியது, நெடுநாள் பூட்டிய அலமாரியைத் திறந்ததுபோல, நனைந்த கம்பளிபோல, பழைய எண்ணெய்போல. அவர் எஞ்சினை அணைத்தார். அணைத்த பிறகும் காலடியில் ஒரு ரீங்காரம் இருந்தது. காதுக்குக் கேட்கவில்லை. பல் வேர்களில் கூசியது.

பெவ் தன் வாசலிலிருந்து கத்தினாள்: "அம்மாடி, அவ்வளவு அகலமாவா? இங்வால் உயிரோட இருந்தா இன்னைக்குத் தூங்கமாட்டாரு! ஒரு கேக் குடுத்தா ரெண்டு ஜாம் பாட்டில் வரும் அவர்கிட்டேர்ந்து. கடைசி வரைக்கும் அவரை யாரும் ஜெயிச்சதில்லை."

மறுவாரம் பதில் வந்திருந்தது.

ஆர்வில் முந்தின நாள்தான் ஒட்ட வெட்டியிருந்த புல்வெளியில் அதைவிட ஒட்ட, மண்ணின் தோல் தெரிகிறமாதிரி, இரண்டு பங்கு அகலத்தில் ஒரு பட்டை. இந்தமுறை எல்லையோடு நிற்கவில்லை. வீட்டுப்பக்கம் வளைந்து, துணிக்கொடிக்கு அடியில் புகுந்து, லவோனின் ஜன்னலுக்குக் கீழே வந்து திரும்பிப் போயிருந்தது. வழியில் இருந்த பியோனிப் பூச்செடிகள் பட்டைக்குள் இருந்த பாதி மட்டும் தரையோடு போய்விட்டிருந்தன. வெளியே இருந்த பாதியில் ஓர் இதழ்கூட உதிரவில்லை. கொடியில் காய்ந்த படுக்கைவிரிப்புகளின் கீழ் ஓரமும் போயிருந்தது. கிழிசல் இல்லை. பிசிறு இல்லை. நேர்க்கோடு.

கீழே புல்லோடு புல்லாக வெள்ளை நூல் சிதறிக் கிடந்தது.

ஆர்வில் உள்ளே போனார். சாதாரணமாகப் பேச முயன்றார். "கொஞ்ச நாள் டுலூத்துல பொண்ணு வீட்டுல இருந்துட்டு வரலாமா?"

"எதுக்கு? இப்பதான் நல்லா தூக்கம் வருது. காலையில யாரோ ஜன்னலுக்கு வெளிய வேலை பாத்தாங்க. தேனீ மாதிரி ஒரு சத்தம். சுகமா இருந்துச்சு."

"யாரையாவது பாத்தியா?"

"எந்திரிச்சுப் பாக்குற நிலைமையிலயா நான் இருக்கேன்?"

அவருக்கு இரண்டு வழி இருந்தது. திருப்பி வெட்டாமல் விடலாம்; ஆனால் இந்த வீட்டுக்குப் புதிது என்றாலும் டவுனில் நாற்பது வருஷம் எங்கள் நடுவில் வாழ்ந்த மனிதர், பெற்ற மரியாதையைத் திருப்பித் தராமல் இருப்பதை அவரால் மனதால்கூட நினைக்க முடியவில்லை. அப்படி விட்டால் அது இன்னும் கோபப்படுமோ என்ற பயமும் இருந்தது. ஆகவே எங்களில் யாராக இருந்தாலும் செய்யக்கூடிய முட்டாள்தனத்தையே அவரும் செய்தார். ஒரேயடியாக, பதிலுக்கு எதுவுமே செய்ய முடியாத அளவுக்குப் பெரிதாகக் கொடுத்து, விஷயத்தை முடித்துவிடப் பார்த்தார்.

சனிக்கிழமை பகல் முழுக்க இங்வாலின் நிலம் மொத்தத்தையும் வெட்டினார். வேலியோரம், கிணற்றைச் சுற்றி, பூட்டிய கதவின் படி வரை. கழுத்து வெயிலில் வெந்தது. கடைசிப் புல் விழுந்ததும் ரீங்காரம் நின்றது. பெரிய நிம்மதி. பெவ் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

"மொத்தத்தையுமா? யப்பா ஆர்வில்!" என்று சிரித்தாள். "இதுக்கு மேல அந்த மனுஷன் திருப்பிக் குடுக்கணும்னா என்னத்தைக் குடுப்பாரு?"

அவரும் சிரித்தார். வீட்டுப் படி ஏறும்போதுதான் அந்தக் கேள்வி அவருக்கு உறைத்தது.

ஞாயிறு காலை புல்வெளியில் புதுப் பட்டை எதுவும் இல்லை. இரண்டுமுறை சுற்றிப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. சர்ச்சுக்குப் போனார், பின் வரிசையில் உட்கார்ந்தார், பிரசங்கம் முடிந்து காபி ஊற்றும்போது எங்கள் எல்லோரிடமும் வண்டியைப் பற்றி மகிழ்ச்சியாகவே பேசினார். வீடு திரும்பும்போது நல்ல வெயில், உச்சிப்பொழுது.

கதவைத் திறந்தார்.

வெட்டின வாசனை.

வீட்டுக்குள்.

கூடத்திலிருந்து லவோனின் அறை வரைக்கும் அந்தக் காலத்துப் பச்சைக் கம்பளம், விரல் புதைகிற அளவுக்கு இழை நீண்டது. அதன் நடுவே ஒரு பட்டை. ஒட்ட வெட்டியது. வாசற்படியிலிருந்து கூடத்தைத் தாண்டி, லவோனின் அறைக்குள்.

"லவோன்?"

கம்பளத் துகள் ஷூவில் ஒட்டியது. அறை வாசல். பட்டை கட்டில் காலில் நிற்கவில்லை. மேலே ஏறியிருந்தது. போர்வையின் மேல். கம்பளிப் பிசிறெல்லாம் மழித்து, வழவழவென்று.

தலையணை வரை.

லவோன் மல்லாந்து படுத்திருந்தாள். மூச்சு வந்தது. தலையின் இடது பாதியில் முடி இல்லை. நேர்க்கோடு. நெற்றி நடுவிலிருந்து. இடது புருவம் இல்லை. இடது இமையில் ஒரு மயிர்கூட இல்லை. ஒரு கீறல் இல்லை. தலையணை முழுக்க நரைத்த துகள், பச்சைத் துகளோடு கலந்து.

அவள் கண் திறந்தாள். கையை மெல்லத் தூக்கி அந்தப் பாதியைத் தடவினாள்.

"நல்ல சுத்தமா இருக்கு, இல்ல?" என்றாள். பிறகு, "இன்னும் முடியலை ஆர்வில். நடுவுல நிக்காதே."

பல் கூசியது.

கட்டிலுக்கு அந்தப்பக்கம், சுவரோரம், கம்பளத்தில் இரண்டாவது பட்டை இருந்தது. போனது முடிந்து, திரும்பி வருகிற பட்டை. இழைகள் அவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

பாதிதான் வந்திருந்தது.

வண்டி இல்லை. ஆள் இல்லை. வெயில் மட்டும்.

அடுத்த வரிசை இழை சாய்ந்தது. துண்டாகி விழுந்தது. அதற்கடுத்தது. நிதானமாக, ஓரம் பிசகாமல், நடக்கிற வேகத்தில். கட்டில் முனையில் திரும்பியது.

அவருடைய ஷூ நுனியில் நாடா அறுந்து விழுந்தது.