விழுங்காத அரசன்

அக்கா சிரித்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதுவொன்றும் பெரிய செய்தியன்று. பொத்திச் சிரிப்பவர்கள் உலகில் எத்தனையோ பேர். ஆனால் இந்த அக்கா அப்படிச் சிரிப்பவள் அல்லள். கடைவாய்ப் பல்லை அடைத்திருக்கும் வெள்ளிப்பூச்சு தெரிய, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் வரை சிரிப்பவள். "வாயை மூடு, ஈ போயிடும்" என்று யாரேனும் கண்டித்தால், "போனா அது தலையெழுத்து" என்று திருப்பிச் சொல்பவள். அப்படிப்பட்டவள், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் வேலையாக உப்பங்கழிக்குப் போய் மாதிரி எடுத்துவிட்டு அன்று விடியலில்தான் திரும்பியிருந்தாள். நனைந்த காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் அமர்ந்து, தங்கை சொன்ன பழைய நகைச்சுவைக்கு உள்ளங்கையால் உதடுகளை அழுத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"என்னக்கா, பல்லு வலியா?"

அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "புண்ணு" என்றாள். உதடுகள் அசைந்ததாகத் தெரியவில்லை.

இளையவளுக்கு அன்று வேலை மிகுந்த நாள். 'உப்பங்கோட்டை' என்னும் மாயக்கதைத் தொடரின் புதிய பருவம் அன்று காலையில்தான் தொடங்கியது. அதன் ரசிகர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தைக் காவல் காப்பது அவள் பிழைப்பு. வீட்டிலிருந்தபடியே வசவுகளை நீக்குவாள். பலரும் விரும்பும் ஊகத்தைப் பக்கத்தின் உச்சியில் ஏற்றி வைப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கசிவுகளை அழிப்பாள். இன்னும் வெளிவராத பாகத்தை எப்படியோ பார்த்துவிட்டு வந்து கதையைப் போட்டுடைக்கும் புண்ணியவான்கள் எங்கும் உண்டல்லவா? அவர்கள் எழுதியதைக் காவலர்கள் முழுவதும் படிப்பதில்லை, காவலர்களும் ரசிகர்களாயிற்றே. 'அடுத்த பாகத்தில்' என்ற தொடக்கம் கண்ணில் பட்டவுடன் இடக்கையை விரித்துத் திரையின் மிச்சத்தை மறைத்துக்கொள்ள வேண்டும்; வலக்கையால் நீக்கிவிட வேண்டும். அந்த வேகத்தில் இளையவளை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே உடன் பணிபுரிவோர் அவளுக்குக் 'கத்திரி' என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

முதல் பாகத்தை அக்காவும் தங்கையும் எப்போதும் போல ஒரே போர்வைக்குள் அமர்ந்து பார்த்தார்கள். முந்தைய பருவத்தின் இறுதியில் கழிச்சேற்றில் மூழ்கிப்போன அரசன், கோட்டை வாயிலில் சொட்டச் சொட்ட வந்து நின்றான். அரசி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். விருந்து வைத்தார்கள். அவ்வளவுதான் கதை. போர்வைக்குள் சேற்று வாடை அடித்தது. அழுகிய முட்டையும் பழைய துணியும் சேர்ந்தாற்போன்ற வாடை. வேலை பார்த்த இடத்து வாடை என்று இளையவள் பொறுத்துக்கொண்டாள். போர்வையின் மேல் கிடந்த அக்காவின் கையைப் பார்த்தாள். பயணத்துக்கு முன் இருவர் விரல்களுக்கும் கோட்டைக் கொடியின் பாசிப்பச்சை நிறத்தில் நகப்பூச்சு இட்டவள் அவளே. அவளுடைய நகங்களில் பச்சை அப்படியே இருந்தது. அக்காவின் நகங்கள் வெளிறி, ஊறிப்போய், வெறுமையாக இருந்தன.

"அழிச்சிட்டியா? ஆசையா போட்டுவிட்டேனே!"

அக்கா திரையைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு இளையவள் மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்தாள். பக்கம் சந்தைக்கடையாக இருந்தது.

"அரசர் திரும்பி வந்துட்டாரு, சரி. சேறு தின்னதைச் சேறே திருப்பி அனுப்புமா?" என்று 'ஓட்டைக்குடை' கேட்டிருந்தார்.

"விருந்துக் காட்சியை மறுபடி பாருங்கய்யா. மனுஷன் மென்னுக்கிட்டே இருக்காரு. முழுங்கவே இல்ல" என்றார் 'பெரியப்பா'. பக்கத்தின் மூத்த ரசிகர் அவர்.

"எங்க வீட்டுச் சாப்பாட்டை நானும் அப்படித்தான் மெல்லுவேன்."

"கழுத்தைப் பாருங்க! போன பருவத்துல கொக்குக் கழுத்து, இப்ப பூசணிக்கா."

"ஒப்பனைக்காரர் தூக்கக் கலக்கத்துல ஒட்டியிருப்பாரு, விடுங்கப்பா."

இளையவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அக்கா சோபாவில் ரொட்டித் துண்டொன்றை வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள். தாடை மெதுவாக, ஆடு அசைபோடுவதுபோல, ஒரே சீராகப் புரண்டது. கழுத்தில் துண்டு சுற்றியிருந்தாள். துண்டுக்குக் கீழே கழுத்து தடித்திருந்தது. தொண்டைப் புண் என்றால் வீங்கத்தானே செய்யும்? அவள் மறுபடி திரையின் பக்கம் திரும்பினாள். ஆனால் காது திரும்பவில்லை. மெல்லும் ஓசை ஈரமாக, இடைவிடாமல், வெளியே பெய்துகொண்டிருந்த மழைக்கு அடியில் இழையோடிக்கொண்டே இருந்தது. விழுங்கும் ஓசை மட்டும் வரவில்லை.

நண்பகலில் தலையணையைச் சரிசெய்யப் போனபோதுதான் அதைத் தொட்டாள்.

சோபாவின் இடுக்கில் ஏதோ மெத்தென்று இருந்தது. இழுத்தாள். மென்ற ரொட்டி, சாம்பல் நிறக் கூழாகத் திரண்டு, எச்சில் நூல் நூலாக நீள, இன்னும் வெதுவெதுப்பாக அவள் விரல்களோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கடியில் இன்னொன்று. காலையில் கொடுத்த வாழைப்பழம் கறுத்துப்போய்க் கிடந்தது. இன்னும் அடியில் முட்டை. ஒவ்வொன்றிலும் பல்லின் தடம் இருந்தது. ஒவ்வொன்றிலும் சேற்றின் மினுமினுப்பு இருந்தது. குளியலறைக்கு ஓடிச் சோப்பைக் கரைத்துக் கரைத்துக் கை கழுவினாள். வாடை போகவில்லை. நகத்தடியில் புகுந்துகொண்டு போக மறுத்தது.

வெளியே வந்தபோது, அக்கா எதையோ முணுமுணுப்பது கேட்டது. தொடரின் தொடக்க இசைபோல் இருந்தது. அருகில் போனதும் இசையாகத் தெரியவில்லை. மூடிய வாய்க்குள்ளிருந்து, மிகத் தொலைவிலிருந்து கூப்பிடுவதுபோல மூன்றெழுத்து ஓசை ஒன்று. மறுபடி அதே ஓசை.

அக்கா அவளை எப்போதும் 'குட்டி' என்றுதான் அழைப்பாள். காலையிலிருந்து ஒருமுறைகூட அழைக்கவில்லை.

சிறுமிகளாக இருந்தபோது அக்கா ஒரு கதை சொல்வாள். பாம்பொன்று தவளையைக் கவ்வியதாம். பாதி உடல் உள்ளே போன பிறகும் தவளை கத்தியதாம். கரையிலிருந்த மற்றத் தவளைகள், 'இன்றைக்கு நம் தோழனுக்கு என்ன நல்ல குரல்!' என்று வியந்து, கூடவே சேர்ந்து பாடினவாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அப்படிக் கெட்டது கவ்வப்பட்ட தவளையா, கரையில் பாடிய தவளைகளா என்று கேட்டுவிட்டு, அக்கா வெள்ளிப்பல் தெரியச் சிரிப்பாள். அந்தக் கதை ஏன் இப்போது நினைவுக்கு வருகிறதென்று இளையவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளவும் அவள் விரும்பவில்லை.

கணினியில் பெரியப்பாவின் ஊகம் காட்டுத்தீயாகப் பரவியிருந்தது.

"வந்தவன் அரசன் இல்ல. அரசன் மாதிரி வேஷம் போட்டு வந்த சேத்துப் பிறவி. ராணி ஒரு குவளை தண்ணியைத் தன் கையால புகட்டிப் பாக்கணும். முழுங்கினா மனுஷன். முழுங்கலைன்னா கதையே வேற. அவ்வளவுதான் பரீட்சை!"

எல்லாரும் அதையே விரும்பினார்கள். 'தண்ணீர்ப் பரீட்சை' என்று தலைப்பிட்டு, அவள் அதை உச்சியில் ஏற்றினாள். ஏற்றிய உடனேயே அதனடியில் 'நண்டு' என்ற பெயரில் ஒருவர் எழுதினார்.

"அடுத்த பாகத்தில் ராணி அந்தத் தண்ணியைக் குடுக்கறா, அதுதான்..."

இடக்கை தானாக விரிந்து திரையை மறைத்தது. வலக்கை நீக்கியது. நண்டு மறுபடி எழுதினார்; மறுபடி கை மறைத்தது. "தயவுசெஞ்சு ஒரு தடவை படிங்க, அடுத்த பாகத்தில்..." என்று கெஞ்சி எழுதியதையும் மறைத்து அழித்துவிட்டு, நண்டையே பக்கத்திலிருந்து விலக்கினாள். பழக்கம் அப்படி. நல்ல காவலர் செய்ய வேண்டியதும் அதுதான்.

மழையால் மாலை சீக்கிரமே மங்கியது. அக்காவுக்காகக் காலையிலேயே வைத்த தண்ணீர்க் குவளை தொடப்படாமல் இருந்தது. நீரின் மேல் தூசி படிந்திருந்தது. இளையவள் அதைக் கொட்டிவிட்டு, வெந்நீர் வைத்து, ஒரு சிட்டிகை உப்பிட்டு ஆற்றினாள். தன்னைத்தானே கடிந்துகொண்டாள். நாடகம் பார்த்துவிட்டு உடன்பிறந்தவளைச் சந்தேகப்படுவதா? ஒரு மிடறு விழுங்கட்டும். விழுங்கிவிட்டால் போதும். இந்த வீட்டில் மீண்டும் அக்காவும் தங்கையும் மட்டும் இருப்பார்கள்.

"அக்கா, ஒரே ஒரு வாய். தொண்டைக்கு இதமா இருக்கும். எனக்காக."

குவளையைக் கண்டதும் அக்காவின் முகம் மாறியது. உதடுகள் கன்றுக்குட்டியின் உதடுகள்போலக் குவளையை நோக்கி நீண்டன. கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன. இளையவள்தான் புகட்டினாள். வாய் திறந்தபோது சேற்று வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே, நாக்குக்குப் பின்னால், வெளிறியதாக ஏதோ தெரிந்தது. உள்நாக்கு வீங்கியிருக்கிறது, பாவம். அதன் பின்னாலிருந்து அந்த மூன்றெழுத்து ஓசை சட்டென்று உரத்தது. விரைந்தது. கெஞ்சியது. நீர் உள்ளே போனது.

மடக்.

தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டாள்!

இளையவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "போடி, காலையிலேருந்து என்னை என்ன பாடு படுத்திட்ட! நீயும் மனுஷிதான்!" என்று அக்காவின் தோளைத் தட்டினாள். கழுத்து வீக்கம்கூடச் சற்று வடிந்தாற்போல் இருந்தது. குவளையைக் கழுவப் போனபோது கைபேசி ஒலித்தது. உடன் பணிபுரியும் 'கொட்டாவி'. நீக்கப்பட்டவற்றைச் சரிபார்ப்பது அவன் வேலை.

"ஏ கத்திரி, அந்த நண்டை ஏன் தள்ளி வச்ச? எனக்குத் தனியா எழுதி ஒப்பாரி வைக்கிறான்."

"கசிவு போட்டான், தள்ளினேன்."

"கசிவுதான். ஆனா என்னா கசிவு தெரியுமா? சாப்பிட்டது வெளிய வந்துடும் போல இருக்கு. சொல்லட்டுமா? அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

வேறொரு நாளாக இருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். "சொல்லு" என்றாள்.

அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்தான். "'ராணி தண்ணியைக் குடுக்கறா, அதுதான் அவ பண்ற தப்பு. சேத்துப் பிறவி ஆளைக் கொல்லல. முழுசா உள்ள வச்சிருக்கு. அதனாலதான் வேற எதுவும் இறங்க மாட்டேங்குது. அதுவா முழுங்க அதால முடியாது. உள்ள இருக்கறவங்க மேல பாசம் வச்ச கை தண்ணி புகட்டினாத்தான் இறங்கும். அதுவரைக்கும் அந்த ஆளு உசிரோட தொண்டையைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்குவான். வாய்க்குள்ள கையை விட்டு இழுத்திருந்தா வந்திருப்பான்.' எப்படி? ஏ, கத்திரி? இருக்கியா?"

குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் மூடவில்லை.

பின்னால் சிரிப்பொலி.

பழைய சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும் சிரிப்பு.

திரும்பினாள். அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தலை பின்னுக்குச் சாய்ந்திருந்தது. வாய் முழுவதும் திறந்திருந்தது. மறைக்க இனி ஒன்றுமில்லை என்பதுபோல. கடைவாய்ப் பல்லில் வெள்ளிப்பூச்சு இல்லை. அடைப்பே இல்லாத, புத்தம் புதிய பற்கள். அவற்றுக்கு அப்பால், நாக்கின் வேரை உள்ளிருந்து பற்றிக்கொண்டு, நான்கு விரல் நுனிகள்.

பாசிப்பச்சை நகங்கள்.

அவள் போட்டுவிட்ட பூச்சு. சுண்டுவிரலில் சற்றே வழிந்து போனது. அவள் கை தவறியதால் வழிந்தது.

விரல்கள் அசைந்தன. வழுக்கின. மறுபடி பற்றின.

எட்டினால் தொடலாம். இழுக்கலாம். அவள் கையைத் தூக்கினாள்.

இடக்கை எழுந்தது. விரிந்தது. பழகிய வேகத்தில் வந்து அவள் கண்களையே மறைத்துக்கொண்டது.

மடக்.

தன் விரலிடுக்கின் வழியே பார்த்தபோது, பச்சை நகம் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அதுவும் மெல்ல, நாக்கின் மேல் ஈரக் கோடொன்றை இழுத்துக்கொண்டு, உள்ளே சரிந்தது.

வாய் மூடியது. கழுத்து மெலிந்து அழகாகியிருந்தது. வெளிறிய கையொன்று அவளைத் தாண்டி நீண்டு, தொட்டியிலிருந்த குவளையை எடுத்து அவளிடம் நீட்டியது.

"இன்னும் கொஞ்சம் தண்ணி குடு, குட்டி."