ஏழாவது வீட்டுப் பங்கு

"ஏழு வீடுன்னா ஏழு வீடுதான் வர்சேனிக், ஆறோட நிறுத்தக் கூ..."

"எங்க போய்த் தேடுறது அண்ணி? பக்கத்து வீடு ஹோட்டல். எதிர்வீடும் ஹோட்டல். வரவேற்புல நிக்கிற பொண்ணுகிட்ட நேர்ச்சைக் கறியை நீட்டவா?"

"நீட்டியிருக்கணும்."

"நீட்டினேனே. அவ சைவமாம்!"

ஹாமெஸ்ட் சிரிக்கவில்லை. மகன் வாஹே மாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கத் தொடங்கியதிலிருந்து அவள் முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரிவதில்லை. அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் ஆடு நேர்ந்தாள். பாதிரியார் ஆசீர்வதித்த உப்பை அதற்கு ஊட்டி, அறுத்து, வெறும் உப்புநீரில் வேகவைத்து, ஏழு வீட்டுக்குப் பங்கு கொடுக்கச் சொல்லி நாத்தனார் வர்சேனிக்கிடம் அனுப்பினாள். நேர்ந்த குடும்பம் அதில் ஒரு வாய் தொடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் அது வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.

வீட்டுக்கு மேலே சோலோலாகி மேட்டில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"மிச்சம் எங்க?"

"ஃப்ரிட்ஜ்ல. காலைல யாருக்காவது குடுத்துட்டாப் போச்சு."

ஹாமெஸ்ட் கூடத்துச் சுவரைப் பார்த்தாள். படத்தில் மரியம் சீமாட்டி, விரல் நிறைய மோதிரங்களோடு. இந்த மாளிகையைக் கட்டியவள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எழுப்பிய பிறகும், பின்வாசலில் நின்று பசித்தவர்களுக்குத் தன் கையாலேயே தட்டு நீட்டியவள்.

"அவ இருந்தவரைக்கும் நேர்ச்சைத் தட்டு ஒண்ணுகூட இங்க தங்கினதில்ல."

"செத்து நூறு வருஷமாச்சு அண்ணி. எழுந்து வந்து ஃப்ரிட்ஜையா திறந்து பார்க்கப்போறா?"

விளக்கைப் போட இருவருக்கும் தோன்றவில்லை. சன்னலின் வண்ணக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவு திறந்தது. மூடியது.

இருவரும் கூடத்தில்தான் இருந்தார்கள்.

அப்போதுதான் இறக்கிய கறியின் வாசனை, சுடச்சுட, அவர்களைக் கடந்து போனது. படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் மோதிரம் தட்டியது. டக். டக். அவசரமில்லாமல் மேலே ஏறியது.

பிறகு, தட்டில் கரண்டி உரசும் சத்தம்.

வர்சேனிக் ஹாமெஸ்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாப்பிடுறான் அண்ணி! தண்ணிகூட இறங்காம கிடந்தவன், சாப்பிடுறான்!"

ஹாமெஸ்ட் எழவில்லை.

"வீட்டு ஆளுங்களுக்கு அவ அதைக் குடுக்க மாட்டா. சாப்பிடுறான்னா, அவன் இனி இந்த வீட்டு ஆள் இல்ல," என்றாள். கடையில் உப்பு கேட்பது போன்ற குரல்.

கரண்டி நின்றது.

வர்சேனிக் படியடிக்குப் போய், இருட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"வாஹே... அத்தைதான்டா... போதுமா கண்ணா?"