புது பிஸ்டன் பழகும்வரை

மழைக்காவது மரியாதை தெரியும். தலையில் ஆரம்பித்து மெல்லத்தான் நனைக்கும். அந்த வேனுக்கு அது தெரியவில்லை. பள்ளத்தில் தேங்கியிருந்த சேற்றுத் தண்ணீரை அப்படியே வாரி அவள் முகத்தில் இறைத்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றது.

மோட்டோகிராஸ் என்னும் சேற்று மேட்டுப் பந்தயத்துக்கான தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், தள்ளுவதை நிறுத்தினாள். பயிற்சித் தடத்திலிருந்து இவ்வளவு தூரம் ஒற்றை ஆளாகத் தள்ளி வந்த கோபம் முழுவதையும் யார் தலையில் இறக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தாள். கடவுள் ஆளை அனுப்பிவிட்டார்!

வேனிலிருந்து ஒருவன் இறங்கி ஓடி வந்தான்.

"கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

அவன் அவளைத் தாண்டிப் போய், வண்டிக்குப் பக்கத்தில் சேற்றிலேயே குந்தினான்.

"எப்ப நின்னுச்சு?"

"என்னது?"

"வண்டிங்க. ஏத்தத்துல போறப்ப சத்தம் மெலிஞ்சு, கீச்சுன்னு கத்திட்டு நின்னுச்சா?"

அப்படியேதான் நின்றது. ஆனால் அதை இவனிடம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

"மூஞ்சி பூரா சேத்தை அடிச்சிட்டு, விசாரிக்கறது வண்டியையா?"

"மன்னிச்சிடுங்க... சேறு கழுவினா போயிடும். இது கழுவினா போகாது." கிக் லீவரைக் கையால் அழுத்திப் பார்த்தான். அது அசையவில்லை. "பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விடுச்சு."

அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கரி படிந்த நெற்றி. அதற்குக் கீழே, இப்போதுதான் கழுவித் துடைத்து வைத்ததுபோல் இரண்டு கண்கள்... இமைகளில் மழைத்துளி நடுங்கிக்கொண்டிருந்தது. திட்டுவதற்கு அவள் இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தாள். எல்லாம் எங்கே போயின?

"ஞாயித்துக்கிழமை பந்தயம் இருக்கு," என்றாள், வேறு யாருடைய குரலிலோ.

"அப்ப ஏத்துங்க வேன்ல."

ஞாயிறு அவளுக்கு வெறும் பந்தயம் இல்லை. போன இரண்டு பந்தயங்களிலும் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. "இதையும் நீ முடிக்கலைன்னா வண்டியை வித்துடுவேன், வாலு," என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவன் சொன்னால் சொன்னதுதான். வண்டி அவன் வாங்கியது. எங்காவது விழுந்துவிடுவாளோ என்ற அவன் பயம், அவள்மேல் வைத்த பாசத்தில் வந்தது. இரண்டையும் எதிர்த்து அவளால் பேச முடியவில்லை.

வேனில் வந்தவன் ஒரு மெக்கானிக். அவனுடைய பட்டறை கடைத்தெருவின் பின்வரிசையில், ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே மண்ணெண்ணெய் வாசனை. சுவரில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தையே வரைந்து இடம் ஒதுக்கியிருந்தான். மெக்கானிக் கழற்ற ஆரம்பித்ததும் அவள் பேச மறந்தாள். கழற்றிய ஒவ்வொன்றும் வெள்ளைத் துணியில் வரிசையாக உட்கார்ந்தது, பந்திக்கு வந்தவர்கள் மாதிரி. எந்த போல்ட்டையும் அவன் கை முரட்டுத்தனமாகத் தொடவில்லை. இறுகிக் கிடந்ததைக்கூட, தூங்குகிற குழந்தையைப் புரட்டுவது போலத்தான் திருப்பினான்.

கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்துக் காட்டினான். நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு.

"இதுதான் குற்றவாளி. இந்தச் சந்துல காத்து திருட்டுத்தனமா நுழைஞ்சிருக்கு. காத்து கூடினா பெட்ரோல் குறையும். நம்ம டூ-ஸ்ட்ரோக்குக்கு எண்ணெயே பெட்ரோலோட கலந்துதானே போகுது? அதுவும் குறைஞ்சுபோச்சு. பாவம், வெறும் வயித்துல ஓடியிருக்கு."

வண்டிக்காக ஒருவன் இப்படி இரங்குவதை அவள் பார்த்ததே இல்லை.

புது பிஸ்டனைப் பொருத்தும் நேரம் வந்தது. வளையங்களை விரலால் அமுக்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். மேலிருந்து சிலிண்டரை இறக்க ஒருவர் வேண்டும்.

"பிடிக்கறீங்களா?"

வீட்டில் அண்ணன் அவளை ஸ்பானரைக்கூடத் தொடவிட்டதில்லை. அவள் கட்டை விரல்களால் வளையத்தை அமுக்கினாள். சிலிண்டர் இறங்கியது... அவன் விரல்கள் அவள் விரல்களை உரசிக்கொண்டு நின்றன. இருவருமே மூச்சுவிடவில்லை. 'க்ளக்' என்று வளையம் உள்ளே நழுவியது.

"அருமை!" என்றான் அவன். பிஸ்டனைத்தான் சொன்னான். அவள் காதுகள் ஏனோ சூடாயின.

"இனி இதைப் பழக்கணும். சூடாகணும், ஆறணும், மறுபடி சூடாகணும். புதுசுலயே ஆக்ஸிலேட்டரை முறுக்கினா ரெண்டும் கீறிக்கும்."

"எதுவும் அப்படித்தானே?" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவன் சிரித்தான்.

ஞாயிறு காலை வானம் வெளுத்திருந்தது. அண்ணன் பந்தயத் தடத்தின் ஓரத்தில் கைகட்டி நின்றான். மெக்கானிக் பெட்ரோல் கேனும் பெட்டியுமாக வந்திருந்தான். முதல் சுற்றுக்கு வண்டிகள் வரிசையில் நின்றன. அவள் வண்டி மட்டும் வெள்ளைப் புகையை மூட்டம் மூட்டமாகக் கக்கியது... இருமியது... தொடக்கக் கோட்டுத் தடுப்பு விழுந்ததும் அணைந்தே போனது. மற்றவர்கள் பறந்துவிட்டார்கள்.

திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தபோது அவள் கண்ணில் தண்ணீர்.

"இதுதான் உங்க வேலையா? பெருசா பழக்கணும், ஆறணும்னு பேசினீங்க!"

"என் வேலைல தப்பில்லைங்க."

"அப்ப யார் மேல தப்பு, என் மேலயா?"

அவன் பெட்டியை மூடினான். முகம் வாடியது. கையைத் துடைத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தான்.

அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். அதிலிருந்து எண்ணெய் சொட்டியது.

"வாலு, பெட்ரோல்ல நீ எண்ணெய் கலந்தியா?"

"ஆமா. காலையில, கேன்ல."

"அவரும் கலந்தாரு. நான் பார்த்தேன். ரெண்டு பங்காயிருக்கு."

அவளுக்குச் சுரீர் என்றது. பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. கலந்தவர் கேனின் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிட வேண்டும். கேனில் துணி இல்லை. அதனால்தான் அவள் ஊற்றினாள். 'துணி கட்டாதது அவன் தப்பு' என்று சண்டை போடலாம். ஆனால் எண்ணெய் கலந்த பெட்ரோல் நிறம் மாறியிருக்குமே... ஒரு தடவை எட்டிப் பார்க்காமல் ஊற்றியது யார்? வாய்க்கு வந்தபடி ஏசியது யார்?

ஓடினாள். வேன் புறப்படப் போகிறது. கண்ணாடியைத் தட்டினாள்.

"நானும் ஊத்திட்டேன்... எண்ணெயை. பார்க்காம, கேக்காம. உங்களைத் திட்டினது தப்பு. மன்னிச்சிடுங்க."

அவன் எஞ்சினை அணைத்தான். கண்ணாடியை இறக்கினான்.

"தப்பு என் மேலதான். இத்தனை வருஷத்துல துணி கட்ட மறந்ததே இல்ல."

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன்?"

"துணி கையிலதான் இருந்துச்சு. நீங்க அங்க நின்னு ஹெல்மெட் மாட்டிட்டு இருந்தீங்க. முடியெல்லாம் உள்ள போகாம, ஒண்ணொண்ணா எடுத்துத் திணிச்சிட்டு..." அவன் குரல் தணிந்தது. "பார்த்துட்டே நின்னுட்டேன். துணியை என் கையிலயே சுத்திக்கிட்டேன் போல."

அவள் உதடு திறந்தது. அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ரெண்டாவது சுற்று இருக்கு!" என்று கத்தினான் அண்ணன். "ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க?"

டேங்கை வடித்தார்கள். புது பிளக், புதுக் கலவை. இந்த முறை அவன் ஊற்ற, அவள் கேனைப் பிடிக்க, அண்ணன் சத்தமாக அளவு சொன்னான். முதல் உதையிலேயே வண்டி கணீரென்று பிடித்தது. புகை நீலமாய், மெல்லிசாய்... அவன் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் கண்ணாலேயே 'போங்க' என்றான்.

போனாள். மேட்டில் எழும்பி, காற்றில் மிதந்து, சேற்றில் இறங்கி, விழப்போய் நிமிர்ந்து... வண்டி ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. ஏழாவதாக வந்தாள். முதலிடம் யாருக்கு வேண்டும்? முடித்துவிட்டாள்!

வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். எதிரே அவன். பயம் வந்து வாயை அடைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு! சேத்தை அடிச்ச அன்னிக்கே பிடிச்சிடுச்சு!"

எஞ்சின் இரைச்சலில் அவள் காதுகள் அடைத்திருந்தன. மெல்லத்தான் சொன்னதாக நினைத்தாள். ஆனால் தடத்தின் ஓரம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ விசிலடித்தார்கள்.

அண்ணன் அவள் தோளைத் தட்டினான். "வாலு... எல்லாருக்கும் கேட்டாச்சு."

அவள் முகத்தை ஹெல்மெட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள். மெக்கானிக் அதை மெதுவாக விலக்கி, அவள் காதருகே குனிந்தான்.

"எனக்கும்..." என்றான். அது மட்டும் வேறு யாருக்கும் கேட்கவில்லை.